ஈரச்சாக்குப் போர்த்திய கோகோ: கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கேள்வி. தை மாதம் இந்தப் பக்கத்தில் முட்டையில்லாத சாக்லேட் கேக் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்குக் கீழே ஒரு பெண் கேட்டிருந்தார்: "அக்கா, கோகோ பவுடர் மூணு ஸ்பூன்னு போட்டிருக்கீங்க. அது கடைப் பவுடருக்கா, தோட்டத்துப் பவுடருக்கா?"

தோட்டத்துப் பவுடரா? நான் காட்பாடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள். பதினைந்து வருடமாகக் கோகோவில் கை நனைக்காத நாள் குறைவு. ஆனாலும் அது டப்பாவிலேயே விளைகிறது என்றுதான் ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எண் வாங்கிப் பேசினேன். அந்தப் பெண்ணின் பெயர் ஜெயந்தி. தர்மபுரி மாவட்டம், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தென்னைக்கு நடுவில் நூற்றைம்பது கோகோ மரம் வைத்திருக்கிறார். கணவர் மாணிக்கம் பட்டுப்புழு வளர்க்கிறார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது பேசிவிடுவோம். மே மாதம் ஒரு நாள் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"கோகோ கொட்டைய வாங்கிக்க இந்தப் பக்கம் ஆளே இல்லீங்க்கா. அதான் நானே பவுடராக்கிப் பாக்கறேன்னு எங்கூட்டுக்காரர்கிட்ட ஒரு வருசம் டைம் கேட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை அரூர்லருந்து ஒரு பேக்கரி மாஸ்டர் பாக்க வர்றாருங்க. அவரு வாங்கறேன்னா மரம் நிக்கும். இல்லாட்டி திங்கக்கிழமை காலைல ஜேசிபி வந்து அத்தனையும் புடுங்கிப்போடும். எங்கூட்டுக்காரரு அதுக்கு அட்வான்ஸ் கூடக் குடுத்துட்டாருங்க."

மாணிக்கத்தைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். போர்வெல்லில் வருகிற தண்ணீர் கொஞ்சம். அதைக் கோகோவுக்கு விடுவதா, புழு தின்னும் மல்பெரிக்கு விடுவதா என்பதுதான் அந்த வீட்டின் வழக்கு. மல்பெரி மாதாமாதம் வருமானம் தருகிறது. கோகோ நிழல் மட்டும் தருகிறது. யார் பக்கம் தீர்ப்பு சொல்வீர்கள்?

"நீங்க அன்னிக்கு வந்து கூட நின்னீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார் ஜெயந்தி. அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "கேக் விக்கறவ ஜேசிபிய நிறுத்தப் போறா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அன்றைக்கு அவருக்கு மதியச் சாப்பாடு பழைய சோறு.

ஞாயிறு காலை ஆறரைக்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் போகும் வண்டி, முன்பதிவில்லாப் பெட்டி, டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜன்னலோர இடமே கிடைத்தது. திருப்பத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மாந்தோப்புகள், பாறைக் குன்றுகள். ஒன்பது மணிக்கு மொரப்பூர். வண்டி அங்கே அதிகம் நிற்பதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்கூட்டியே கதவருகே போய்விடுங்கள். கண் அசந்தால் அடுத்து பொம்மிடியில்தான் இறங்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வெளியே நாலு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, மொத்தம் ஐம்பத்தைந்து ரூபாய். முதல் முறையாக ஒரு வீட்டுக்குப் போகிறோமே என்று இரண்டு முழம் மல்லிகை வாங்கி, ஒரு முழத்தை என் தலையில் வைத்துக்கொண்டேன், இன்னொன்றை ஜெயந்திக்கு என்று வாழையிலையில் சுற்றி வாங்கிக்கொண்டேன். முழம் முப்பது ரூபாய். இந்த மல்லிகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கம்பைநல்லூருக்கு டவுன் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், முக்கால் மணி நேரம் ஆனது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டரிடம் கோகோத் தோட்டம் பார்க்கப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பைநல்லூர்ல மாங்கா பாக்கலாம், தேங்கா பாக்கலாம், பட்டுக்கூடு பாக்கலாம். கோகோ எங்கம்மா இருக்குது?" என்று கேட்டுவிட்டு விசில் அடித்தார்.

பஸ் ஸ்டாண்டில் மாணிக்கம் மொபெட்டோடு காத்திருந்தார். ஒடிசலான ஆள், வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிறவர். நான் பக்கத்தில் போனதும் மூக்கை ஒரு தரம் சுளித்தார். என்ன ஏது என்று சொல்லவில்லை. அங்கிருந்து நாலு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் மல்பெரிக் காடு. வழி முழுக்க அவர் பேசியது ஒரே வாக்கியம்: "வெயிலு இந்த வருசம் ரொம்ப ஓவருங்க."

தோப்புக்குள் காலை வைத்ததும் அந்த வெயில் காணாமல் போனது. மேலே தென்னை, அதன் நிழலில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கோகோ மரங்கள், கீழே மெத்தை மாதிரி காய்ந்த இலை. கோகோ, பலா மாதிரி அடிமரத்திலேயே காய்க்கிறது. வரி வரியாக, மஞ்சளாக, உள்ளங்கைக்கு அடங்காத காய்கள். ஜெயந்தி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போனில் கேட்ட குரலைவிடச் சின்ன உருவம். நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஒரு பழத்தைப் பறித்து, கல்லில் ஒரு தட்டுத் தட்டி உடைத்து நீட்டினார்.

உள்ளே சீத்தாப்பழம் போல வெள்ளைச் சதை, சதைக்குள் கொட்டை. சதையைச் சப்பினால் இனிப்பும் புளிப்பும். கொட்டையைக் கடித்தால் வெறும் கசப்பு, சாக்லேட்டின் சாயல் கூட இல்லை. நான் முகத்தைச் சுருக்கியதைப் பார்த்து ஜெயந்தி சிரித்தார். "எல்லாரும் இப்புடித்தாங்க்கா கடிப்பாங்க. ஆறு நாளு ஊறுனாத்தான் இது சாக்லேட்டுன்னு அதுக்கே தெரியும்."

அந்த ஊறல் ஒரு மரப்பெட்டியில் நடக்கிறது. சதையோடு கொட்டைகளைக் கொட்டி, வாழையிலை போட்டு மூடி, இரண்டு நாளைக்கு ஒரு முறை கிளறிவிடுகிறார். உள்ளே கையை வைத்தேன், சுடுகிறது! நெருப்பு இல்லை, வெயில் இல்லை, தானாகவே புளித்து ஏறிய சூடு. கள்ளும் காடியும் கலந்த மாதிரி ஒரு நெடி. பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் செருகியிருந்தது. "அது என் புழு தெர்மாமீட்டரு" என்றார் மாணிக்கம் பின்னாலிருந்து. அவரது இரண்டாவது வாக்கியம்.

ஊறிய கொட்டைகளைக் காயவைத்திருந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு ஒரு பெரிய மூங்கில் தட்டு உண்டு, நடுவிலிருந்து சுருள் சுருளாகத் தடுப்பு வைத்துப் பின்னியது, சந்திரிகை என்கிறார்கள். பழையதாகிப் போன சந்திரிகைகளில் ஜெயந்தி கொட்டைகளைப் பரப்பியிருந்தார். கொலு மேடைக் கோலம் போலப் பழுப்புச் சுருள்கள். மூங்கில் இடுக்கு வழியாகக் காற்று கீழேயும் போவதால் ஒரு வாரத்தில் கலகலவென்று காய்ந்துவிடுகிறதாம்.

பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த கொட்டையை இரும்புச் சட்டியில் வேர்க்கடலை போல வறுத்து, கையால் நொறுக்கி, முறத்தில் புடைத்துத் தொலியை நீக்குகிறார்கள். மிஞ்சும் பருப்பை அதற்கென்றே வைத்திருக்கும் கிரைண்டரில் ஓட்டினால், சொட்டுத் தண்ணீர் விடாமலேயே அது கூழாகிறது. பாதி கொழுப்பு அல்லவா? அந்தக் கூழைச் சூடாகத் துணியில் கட்டி அழுத்தினால் கோகோ வெண்ணெய் வடியும். அழுத்துவதற்கு இவர்கள் வைத்திருப்பது என்ன தெரியுமா? லாரி ஜாக்கி. ஜெயந்தியின் தம்பி லாரி மெக்கானிக், இரும்புச் சட்டத்தில் ஜாக்கியைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். வெண்ணெய் வடிந்த பிறகு துணிக்குள் மிஞ்சுவது கருங்கல் மாதிரி ஒரு வட்டு. கடலைப் புண்ணாக்கு போலத்தான், ஆனால் இது கோகோப் புண்ணாக்கு. அதை உடைத்து, பொடித்து, துணியில் சலித்தால் கோகோ பவுடர். என் பதினைந்து வருட டப்பா ரகசியம் இவ்வளவுதான்.

"பவுடர் எங்கே?" என்று கேட்டேன். மணி பதினொன்றரை. மாஸ்டர் மூன்று மணிக்கு வருகிறார்.

"எல அறையில வெச்சிருக்கறனுங்க. இந்த வெயில்ல எங்க வூட்டுலயே குளுகுளுன்னு இருக்கறது அது ஒன்னுதான்."

புழு வளர்க்கும் ஷெட்டின் முன்பகுதிதான் இலை அறை. பறித்த மல்பெரி இலை வாடாமல் இருக்க அங்கே வைப்பார்கள். வாசலில் மாணிக்கம் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"பூவ எடுத்துருங்கம்மா."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ரூபாய் மல்லிகை, தலையில் வைத்து மூன்று மணி நேரம் கூட ஆகவில்லை. ஆனால் பட்டுப்புழுவுக்கு எந்த வாசனையும் ஆகாதாம். பூ, முகப் பவுடர், பீடி, வெங்காயம் உரித்த கை, எதுவும் உள்ளே போகக்கூடாது. கோகோவுக்கு மட்டும் எப்படி இடம் கொடுத்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தலையில் இருந்த பூவை எடுத்து, ஜெயந்திக்கு வாங்கிய முழத்தோடு வெளியே வைத்தேன். முகத்தைக் கழுவினேன். கால் கழுவி, வாசலில் தூவியிருந்த சுண்ணாம்புத் தூளில் மிதித்தேன். அவர் மறுபடியும் மூக்கைச் சுளித்தார். "சென்ட்டு?" என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த சென்ட். கடைசியில் ஜெயந்தியின் புடவை ஒன்றை வாங்கி, சோப்பு போடாமல் ஒரு குளியல் போட்டு, உடுத்திக்கொண்டு வந்தேன். கோவில் கர்ப்பக்கிரகத்துக்குப் போகக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

உள்ளே உண்மையிலேயே குளுமை. ஜன்னல்களில் ஈரச்சாக்கு தொங்கியது. இலைக்கூடைகள் மேலும் ஈரச்சாக்கு. மூலையில் ஒரு எவர்சில்வர் டிரம், அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டி, துணிக்கு மேல் இன்னொரு ஈரச்சாக்கு.

கோகோ பவுடருக்கு எதிரி இரண்டே பேர்தான், ஒன்று ஈரம், இன்னொன்று அடுத்தவர் வாசனை. இங்கே இரண்டு பேரும் ஒரே சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயந்தி துணியை அவிழ்த்தார். மேல் பக்கம் கட்டி கட்டியாக, சேறு காய்ந்த குளம் மாதிரி. முகர்ந்தால் சாக்லேட் இல்லை, மழையில் நனைந்த ரேஷன் கடை வாசனை. கையை உள்ளே விட்டு அடி வரை கிளறிப் பார்த்தார். அடியிலும் அதே வாசனை.

"மூடி போட்டா உள்ள வேர்த்துப் போகும், காத்தோட்டமா இருக்கட்டும்னு நான்தான் துணி கட்டுனேன்" என்றார் மெல்ல. "ஆனா இந்தச் சாக்க நான் போடலீங்களே?"

வாசலில் நின்ற மாணிக்கம் தொண்டையைச் செருமினார். "நான்தான். வியாழக்கிழமையிலருந்து என்னா வெயிலு. எலைக்குச் சாக்கு நனைச்சுப் போடறப்ப இதுக்கும் ஒன்னு போட்டேன். காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி நனைச்சும் வுட்டேன். பாவம், வாடிப் போயிருமேன்னு."

"பவுடரு வாடுமாங்க?" ஜெயந்தி அவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மரத்தப் புடுங்க ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு, பவுடருக்குச் சாக்கு நனைச்சுப் போட்டீங்களா?"

"அது வேற, இது வேற" என்றார் மாணிக்கம். "நாளைக்குப் புடுங்கறதா இருந்தாலும், இன்னிக்கு வாட வுட முடியுமா?"

ஜெயந்திக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்த வேகத்திலேயே பிரியம் வந்தது, அதை மறைக்கவில்லை. இருபது வருடம் புழுவையும் இலையையும் பார்த்தவர். அவருக்குத் தெரிந்த பராமரிப்பு காற்றும் ஈரமும்தான். அதைத்தான் கொடுத்திருக்கிறார். யாரும் சொல்லாமலே, ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

ஆனால் மாஸ்டர் பிரியத்தை வாங்க வரவில்லையே. "பொடிக்காத வட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். ஜெயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். பால் கேனில் மூன்று வட்டு இருந்தது. இறுக்கமான ரப்பர் மூடி. முகர்ந்தேன். சுத்தமான வாசனை. பொடிக்க நேரமில்லாமல் மூடி வைத்ததால் பிழைத்த மூன்று வட்டு.

எங்கே வைத்துப் பொடிப்பது? அடுக்களையில் சாம்பார் கொதிக்கிறது. சாமி அறையில் ஊதுபத்தி. முன்னறையில் ஏர்கூலர், அதுவும் ஈரக்காற்று. கடைசியில் படுக்கையறைக் கட்டில் மேல் பழைய பேப்பர் விரித்து மிக்ஸியை வைத்தோம். அவசரத்தில் நான் ஒரே மூச்சாக ஓட்டிவிட்டேன். மிக்ஸி சூடாகி, முதல் வட்டு பொடியாவதற்குப் பதில் மறுபடி கூழாகி ஜாரில் அப்பிக்கொண்டது. கேக் செய்கிறவள் என்ற என் பவிசு அங்கேயே போயிற்று.

அதைப் பார்த்த மாணிக்கம் வெளியே போனார். கை கால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புழு தெர்மாமீட்டரோடு திரும்பி வந்தார். இன்னொரு ஜாரை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, சொட்டு ஈரம் இல்லாமல் துணியால் தேய்த்துக் கொடுத்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் மூடியைத் திறக்கச் சொல்லித் தெர்மாமீட்டரை நுழைத்துப் பார்த்தார். "சூடு ஏறுது, நிறுத்துங்க." "இப்ப ஓட்டுங்க." "ம், போதும்." மரத்தைப் பிடுங்கப் போகிறவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இரண்டரை மணிக்கு, வேட்டித் துணியில் சலித்த செம்பழுப்புப் பவுடர் ஒரு சின்ன டப்பா நிறைய இருந்தது. இந்த முறை மூடியை இறுக்கியது மாணிக்கம்.

மாஸ்டர் மஞ்சுநாத் சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஹாசன் பக்கத்துக்காரர், அரூரில் பேக்கரி போட்டு இருபத்தைந்து வருடமாகிறது. தமிழ் நன்றாகப் பேசுகிறார், நடுநடுவே "நோடி" மட்டும் வந்துவிடுகிறது. "பாருங்க" என்பதற்குக் கன்னடத்தில் அதுதான். அவர் உட்கார்ந்ததும் ஜெயந்தி முதல் காரியமாக, நான் கண்ணால் தடுத்தும் கேட்காமல், கெட்டுப்போன டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாஸ்டர், மொதல்ல இதச் சொல்லிடறனுங்க. இத்தன பவுடரும் எங்க தப்பால சாக்கு வாசம் புடிச்சுருச்சு. இன்னிக்கு அரைச்சது இது. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

மாஸ்டர் டிரம்மை முகர்ந்துவிட்டுத் தும்மினார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார், சூடான பாலில் கலக்கிக் குடித்தார். "வாசனை ஏ ஒன்" என்றார். ஜெயந்தியின் முகம் மலர்ந்தது. உடனே மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து தான் வழக்கமாக வாங்கும் பவுடர் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் கொட்டினார். அது கரி மாதிரி கருப்பு. எங்களுடையது செங்கல் தூள்.

"நோடி, கலர் இல்லம்மா. இதுல கேக் போட்டா ஜனங்க வெல்லக் கேக்கான்னு கேப்பாங்க."

நான் சும்மா இருப்பேனா? கடைப் பவுடர் சோடா போன்ற காரம் சேர்த்துக் கருக்க வைத்தது, இயற்கைப் பவுடரோடு சமையல் சோடா சேர்த்தால் நிறம் தூக்கும், பொங்கியும் வரும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும்மா. சோடா போட்டாலும் இவ்ளோ கருப்பு வராது. வூட்டுல நீங்க நாக்குக்குச் செய்றீங்க. கடையில நான் கண்ணுக்கு விக்கறேன்."

ஜெயந்தி டப்பாவை மூடினார். தர்மசங்கடமான அந்த நேரத்தில் மாணிக்கம் எழுந்து, "வெயில்ல வந்திருக்கறாரு, குடிக்க ஏதாவது கொண்டாரேன்" என்று அடுக்களைக்குள் போனார். அவர் அடுக்களைக்குள் போவதே அதிசயம் என்பது போல ஜெயந்தி அந்தப் பக்கம் பார்த்தார்.

நாலு டம்ளரோடு திரும்பி வந்தார். கெட்டியாக, பழுப்பாக ஏதோ ஒன்று. மாஸ்டர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். "இதுல என்னா போட்டிருக்கீங்க?"

"கேவுரு மாவு, வெல்லம், பாலு. அப்புறம் இவ பவுடரு சலிக்கறப்ப மேல நிக்குமே கப்பி, அதுல ஒரு ஸ்பூனு." மாணிக்கம் ஜெயந்தியைப் பார்க்காமல் சொன்னார். "காலைல நாலு மணிக்குப் புழுவுக்கு எல போட எந்திரிப்பேன். அப்ப இவ தூங்கிட்டு இருப்பா. அதான் நானே காச்சிக் குடிச்சுக்குவேன்."

"எத்தன நாளாங்க?" என்றார் ஜெயந்தி.

"அது இருக்கும், ஒரு ஆறு மாசம்."

ஜெயந்தி தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மாஸ்டரோ டம்ளரைக் காலி செய்துவிட்டு, விரலால் ஓரத்தை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். "நான் டெய்லி ராகி பிஸ்கட் போடறேன். அது எப்படியும் மண்ணு கலரு. இதச் சேத்தா கலர் பிரச்சனையே இல்ல. நெய்ப்பசை வேற இருக்கு, மொறுமொறுன்னு நிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "மாசம் அஞ்சு கிலோவுல ஆரம்பிக்கலாம். பவுடரும் கப்பியும் கலந்தே குடுங்க. ஆனா ஒன்னு, ஒரு நாளு சாக்கு வாசம் வந்தாலும் அன்னிக்கே நிறுத்திடுவேன். ஆய்த்தா?"

"ஆய்த்துங்க" என்றார் ஜெயந்தி. சரியா, சரி என்பதுதான்; கன்னடம் தெரியாத எனக்கே அது புரிந்தது. மாதம் ஐந்து கிலோ என்றால் ஏறக்குறைய அந்த நூற்றைம்பது மரமும் தரும் அளவு அதுதான். நான் எழுந்து போய் ஜெயந்தியைக் கட்டிக்கொண்டேன். மாணிக்கம் போனை எடுத்துக்கொண்டு ஜேசிபிக்காரரைக் கூப்பிட வெளியே போனார். ஆள் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு மாணிக்கமே மொபெட்டில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். மாலை வண்டி பிடித்து இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்தேன். போக்குவரத்து, சாப்பாடு, மல்லிகை எல்லாம் சேர்த்தும் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்த பயணம் இது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோகோ பழுக்கும் காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, பிறகு மழைக்காலத்தை ஒட்டி இன்னொரு முறை. இது சுற்றுலாத் தலமில்லை, ஒரு குடும்பத்தின் தோட்டம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். புழு மனை பார்க்கும் ஆசை இருந்தால் பூவும் சென்ட்டும் வீட்டிலேயே இருக்கட்டும், மாற்றுப் புடவை ஒன்று பையில் இருக்கட்டும். மே மாதம் என்றால் தண்ணீர் பாட்டில் இரண்டு.

உங்கள் அடுக்களையில் இருக்கும் கோகோவுக்கும் இதே பாடம்தான். பெருங்காய டப்பாவுக்கும் சாம்பார்ப் பொடிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். ஈர ஸ்பூன் உள்ளே போகக்கூடாது. கெட்டுப்போனதை எப்போதும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, மூக்கால் முடியும். இயற்கைப் பவுடர் கிடைத்தால் கேக்கில் பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் புளித்த தயிரும் சேருங்கள். கேக் செய்யத் தெரியாதவர்கள் மாணிக்கத்தின் பானத்தைச் செய்யுங்கள். ஒரு டம்ளர் பாலுக்கு ஒன்றரை ஸ்பூன் கேழ்வரகு மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரு ஸ்பூன் கோகோவோடு காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு வெல்லம் போடுங்கள். முன்னாலேயே போட்டால் பால் திரிந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது காப்பிக்குப் போட்டியாக வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையே ஜெயந்தி ஒரு படம் அனுப்பினார். படத்தில் ஜேசிபி நின்றிருந்தது! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். கோகோ மரங்கள் பின்னால் பத்திரமாக நின்றன. ஜேசிபி வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. வந்த வண்டியைச் சும்மா அனுப்புவானேன் என்று மாணிக்கம் கோகோவுக்குத் தனி அறை கட்ட அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

அறை கட்டி முடிந்துவிட்டது. போன வாரம் ஜெயந்தியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அக்கா, நேத்து வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளிச்சுப் பூ வெச்சுக்கிட்டுக் கோகோ எடுக்கப் போனேன். வாசல்லயே கைய நீட்டி நிறுத்திட்டாருங்க. பூவ எடுத்துட்டு உள்ள போங்கறாரு. என் மரத்தையே புடுங்கறேன்னு நின்ன மனுசன், இப்ப என் ரூமுக்குள்ளயே என்னய வுட மாட்டேங்கறாரு!" சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால், கொஞ்சம் தூரத்திலிருந்து மாணிக்கத்தின் குரல் கேட்டது:

"அக்காகூட அப்புறமா பேசிக்கலாம், மொதல்ல டின்ன மூடு!"